அதிகாரம் வகுத்த அறிஞர்

காவிரி நீரை முறையாகப் பகுத்துவிட்டாலன்றித் தலைமடையும் கடைமடையும் ஒருங்கே விளையா. ஆட்சி அதிகாரமும் அத்தகையதே. பரந்த பாரத நாட்டில் அதனைப் பகுத்து வகுத்த பெருமக்களுள் ஒருவர் கோபாலசாமி ஐயங்கார். இவர் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார்.

சென்னையில் சட்டம் பயின்ற இவர், சிறிது காலம் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றி, 1905இல் துணைக் கலெக்டரானார். படிப்படியாக உயர்ந்து, 1937 முதல் 1943 வரை காசுமீரத்தின் தலைமை அமைச்சராக விளங்கினார்.

விடுதலைக்கு முன்னர் வகுக்கப்பட்ட திட்டமொன்று, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, போக்குவரத்து என்பவற்றை மட்டுமே மத்திய அரசுக்கு அளித்தது. 1947இல் நாடு பிரிவுற்றதும் நிலைமை மாறிற்று. வலிமை மிக்க மத்திய அரசு வேண்டும் என்று நேரு தலைமையிலான அதிகாரக் குழு துணிந்தது. அக்குழுவின் அறிக்கையை, ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், அரசியல் நிருணய சபையில் முன்மொழிந்தவர் ஐயங்காரே. மாகாணங்கள் பொருள்வளம் குன்றி மத்திய அரசின் கையை எதிர்நோக்க நேருமே என்று சந்தானம் போன்றோர் கவன்றனர். அக்கவலை இன்றும் முற்றும் தீர்ந்திலது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 என இனங்களை வகுத்தது. படைத்துறையும் நாணயமும் மத்திய அரசின்பாற்பட்டன. காவலும் வேளாண்மையும் மாநிலங்களுக்கு உரியவாயின. எதிலும் அடங்காத இனங்கள் நாடாளுமன்றத்தைச் சார்ந்தன.

ஐயங்கார் 1953 பிப்ரவரி 10ஆம் நாள் மறைந்தபொழுது, அவர் பிறந்த மாவட்டத்தை அடுத்த காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் அது இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுவை யூனியன் பிரதேசம் சட்டமன்றம் பெற்றது. மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ளவை பற்றி அது சட்டம் இயற்றலாம். ஆயினும் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்படின், நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலங்களுக்கு உள்ள தனியுரிமை அதற்கில்லை.

காரைக்கால் காவிரியின் கடைமடை. நீர், மாநிலப் பட்டியலில் உள்ளது. பல மாநிலங்களூடு பாயும் ஆறுகளை ஒழுங்குபடுத்துதலோ மத்தியப் பட்டியலில் உள்ளது. 2007இல் காவிரி நடுவர் மன்றம், காரைக்காலை உள்ளடக்கிய புதுவைக்கு ஆண்டுதோறும் 700 கோடி கன அடி நீர் என வரையறுத்தது. தலைமடையாரின் விருப்பம் ஒன்றே முறையாயின், கடைமடை வயல் வறண்டே கிடக்கும். வலியோன் கையை வரம்பு தடுத்தலும், எளியோன் பங்கை முறைமை காத்தலுமே அதிகாரப் பகுப்பின் பயனாம்.