சிந்தாமணி இரகுநாதாசாரியார்

மேலநீலிதநல்லூரின் கரிசற்புலங்களில் நின்று மேற்றிசையை நோக்குவார்க்கு, ஆண்டின் சில மாதங்களில் அந்தி வானத்தில் முதலில் தோன்றுவது வெள்ளி. வேறு சில மாதங்களில் அதுவே விடிவெள்ளியாய்க் கீழ்வானில் எழுந்து உழவர்க்குப் பொழுது காட்டும். அக்கோள் ஞாயிற்றைச் சுற்றும் நெறியை நம் நாட்டினர்க்கு விளக்க உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே சிந்தாமணி இரகுநாதாசாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவர், இளமையிலேயே சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். போக்சன் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைவராயிருந்த காலத்தில் முதல் உதவியாளராய் விளங்கினார். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

எனினும், இவரது பெருமையை யாம் சிறப்பாகக் காண்பது 1874ஆம் ஆண்டின் பணியிலேயே. அதனை உணரக் கோள்கள் சுழலும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கதிர் காக்கும் சிறுவன் கவண் சுழற்றுதலை நம் மாணவர் கண்டிருப்பர். கயிறு இடையறாது உள்நோக்கி இழுத்தலாலேயே கல் வட்டத்திற் செல்கின்றது. கயிற்றின் ஒரு தலையை விட்டவுடன் அது தொடுகோட்டின் வழியே பாய்கின்றது. கோள்களுக்கு ஞாயிற்றின் ஈர்ப்பே கயிறாகும். அணித்தாயுள்ள கோளை அவ்வீர்ப்பு மிகுதியாய்ப் பற்றுதலின், அக்கோள் விரைந்தும் செல்கின்றது. புவி விநாடிக்கு ஏறக்குறைய 18½ மைல் செல்ல, வெள்ளி 22 மைல் செல்லும். புவி 365 நாளிற் சுற்றி வர, வெள்ளி 225 நாளிற் சுற்றிவிடும்.

இக்காலங்களைக் கொண்டு, வெள்ளியின் தூரம் புவியின் தூரத்தில் நூற்றுக்கு 72 பங்கு எனக் கெப்ளர் விதியால் அறியலாம். ஆயின் அத்தூரம் எத்தனை மைல் என்பது அவ்விதியால் விளங்காது. வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடக்குங்கால், புவியின் வெவ்வேறிடங்களில் நின்று நோக்குவார்க்கு அக்கரும்புள்ளி சற்றே வேறு வழிகளிற் செல்வதாய்த் தோன்றும். அவ்வேறுபாட்டினின்றே ஞாயிற்றின் தூரம் கணிக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 9 கோடியே 30 லட்சம் மைல். வெள்ளி 584 நாளுக்கொரு முறை இடையே வரினும், அதன் பாதை நம் பாதைக்கு மூன்று பாகைக்கு மேற் சாய்ந்திருத்தலின் பெரும்பாலும் விலகியே போகும். 1769க்குப் பின் 1874 டிசம்பர் 9 அன்றே அக்கடப்பு மீண்டும் நேர்ந்தது. அதனை நம்மவர் அறிந்து நோக்குதற்பொருட்டு, ஆசாரியார் ஆங்கிலத்திலும் இந்நாட்டு மொழிகளிலும் முன்னதாகவே சிறு நூல் வெளியிட்டார்.

அவர் கருதியது அந்நிகழ்ச்சியை மட்டுமன்று. ஒரு கோளின் செலவைக் கணிப்பதிற் சுற்றுக்கு ஒரு கலை பிழை நேரின், அறுபது சுற்றில் அஃது ஒரு பாகையாய் வளரும். பழைய வாக்கியங்களை மட்டும் நம்பிய பஞ்சாங்கங்களில் அத்தகைய பிழை காலந்தோறும் சேர்ந்து, திதியும் கிரகணமும் வானத்தோடு ஒவ்வாது நின்றன. தம் குலத்தொழிலையே திருத்த வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. முன்னோரைப் பழித்தலும் இன்றி, பிழையை மறைத்தலும் இன்றி, கண்டறிந்த நிலைகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். வாக்கிய நெறியினர் அதனை எளிதில் ஏற்றாரிலர். இன்றும் இருவகைப் பஞ்சாங்கமும் நம் நாட்டில் வழங்குகின்றன. நம்மவர்க்கென ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைக்க அவர் கொண்ட முயற்சியும் கைகூடவில்லை. 1880 பிப்ரவரி 5இல் அவர் மறைந்தார்.

1882இலும், பின்னர் 2004இலும் 2012இலும் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தது. இனி அது கடப்பது 2117 டிசம்பரில். அதனைக் காணும் பேறு நம்முள் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆயினும் ஆசாரியார் கொண்ட நெறி நமக்கு உரியதே. ஏட்டிற் கற்றதை வானத்தோடு ஒப்பிட்டு நோக்குக. அவ்விரண்டும் மாறுபடின், ஏட்டைத் திருத்த அஞ்சற்க. இதுவே நம் மாணவர்க்கு யாம் கூற விழைவது.