ஸ்டீபன் ஏ. டக்ளஸ்

ஸ்டீபன் ஆர்னோல்ட் டக்ளஸ் (ஏப்ரல் 23, 1813 – ஜூன் 3, 1861) ஐக்கிய அமெரிக்க அரசியல்வாதி ஆவார். இலினொய் மாநிலத்தின் சார்பில் 1847 முதல் இறக்கும் வரை செனட் சபை உறுப்பினராக இருந்தார். 1860 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனை எதிர்த்துப் போட்டியிட்ட மூவருள் இவரும் ஒருவர். லிங்கனிடம் தோற்றவர் என்ற அளவிலேயே இவர் இன்று பெரும்பாலும் அறியப்படுகிறார். ஆயினும் 1850களில் லிங்கனைவிட நாடறிந்த தலைவராக விளங்கியவர் டக்ளசே. அடிமை முறை பற்றிய வட, தென் மாநிலங்களின் பிணக்கைக் காங்கிரசிலிருந்து அகற்றிவிடலாம் என்று நம்பி இவர் கொண்டுவந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் (1854), அப்பிணக்கை உள்நாட்டுப் போரை நோக்கித் தள்ளிய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

முன்னாள் அடிமையும் அடிமை ஒழிப்புப் போராளியுமான பிரெடரிக் டக்ளஸ் வேறொருவர். தமிழில் இருவர் பெயரும் ஒன்றுபோலவே எழுதப்படுவதால் குழப்பம் நேர்வதுண்டு.

இளமைக் காலம்

டக்ளஸ் வெர்மான்ட் மாநிலத்தின் பிராண்டன் என்ற ஊரில் பிறந்தார். மருத்துவரான தந்தை, இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சிறு வயதில் மரச்சாமான்கள் செய்யும் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகினார். பின்னர் நியூயார்க் மாநிலத்தின் கனன்டைகுவாவில் கல்வி கற்றார். 1833 இல் மேற்கு நோக்கிப் பயணம் செய்து இலினொயை அடைந்தபோது இவரிடம் கைப்பொருள் ஏதும் இல்லை. அங்கு வின்செஸ்டர் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றி, 1834 இல் வழக்கறிஞரானார்.

அதன் பின் இவரது வளர்ச்சி வியப்புக்குரிய வேகத்தில் அமைந்தது. 1836 இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; லிங்கனும் அதே அவையில் உறுப்பினராக இருந்தார். 1841 இல் தமது 27 ஆவது வயதில் இலினொய் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1843 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிரதிநிதிகள் சபைக்கும், 1847 இல் செனட் சபைக்கும் சென்றார். உயரம் சுமார் ஐந்தடி நான்கு அங்குலமே, தலையும் மார்பும் பருத்தவை, குரலோ இடிபோன்றது. இதனால் சின்ன இராட்சதன் என்ற பட்டப்பெயர் இவருக்கு வழங்கியது.

குடும்பமும் மிசிசிப்பிப் பண்ணையும்

1847 இல் வட கரோலினாவைச் சேர்ந்த மார்த்தா மார்ட்டினை மணந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்த பருத்திப் பண்ணை ஒன்றை மாமனார் திருமணப் பரிசாகத் தர முன்வந்தபோது டக்ளஸ் அதை ஏற்கவில்லை. வட மாநில அரசியல்வாதி ஒருவர் தம் பெயரில் அடிமைகளை வைத்திருப்பது வாக்குகளை இழக்கச் செய்யும் என்பதை இவர் அறிந்திருந்தார். 1848 இல் மாமனார் இறந்தபோது பண்ணை மார்த்தாவின் உடைமையாயிற்று. அதன் நிர்வாகியாக டக்ளஸ் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்று வந்தார். மார்த்தா 1853 இல் மகப்பேற்றை அடுத்து இறந்தார். இரண்டு மகன்கள் எஞ்சினர். 1856 இல் அடேல் கட்ஸ் என்பவரை இரண்டாவதாக மணந்தார்.

அடிமை முறை சரியா தவறா என்பதில் தமக்கு அக்கறை இல்லை என்றே டக்ளஸ் பொது வாழ்வில் காட்டிக்கொண்டார். அடிமைகளின் உழைப்பிலிருந்து வருமானம் பெற்ற ஒருவரின் நடுநிலையாகவே அதைக் கொள்ள வேண்டும்.

பிணக்கின் பின்னணி

1790 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சம் அடிமைகள் இருந்தனர். பருத்தி வேளாண்மை பெருகியதால் 1860 இல் இத்தொகை 40 இலட்சத்தை நெருங்கியது. வட மாநிலங்கள் ஒவ்வொன்றாக அடிமை முறையைக் கைவிட்டன. தென் மாநிலங்களின் செல்வமும் சமூக அமைப்பும் அதன் மீதே நின்றன. வடக்கில் மக்கள் தொகை விரைந்து பெருகியதால் பிரதிநிதிகள் சபையில் தெற்கின் வலிமை குறைந்தது. மாநிலத்துக்கு இருவர் என்ற கணக்கில் அமைந்த செனட் சபையே தெற்கின் அரணாயிற்று. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாக மாறியது.

1820 இல் ஏற்பட்ட மிசூரி உடன்பாடு இதற்கு ஒரு கோட்டினால் விடை கண்டது. மிசூரி அடிமை மாநிலமாகவும், அதை ஈடுசெய்ய மெய்ன் சுதந்திர மாநிலமாகவும் சேர்ந்தன. பிரான்சிடமிருந்து 1803 இல் வாங்கப்பட்ட லூசியானா நிலப்பரப்பின் எஞ்சிய பகுதியில் 36 பாகை 30 கலை அகலக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை தடை செய்யப்பட்டது. 1846-48 மெக்சிகோ போரில் பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்ததும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

1850 சமரசம்

கலிபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர விரும்பியபோது 15 அடிமை மாநிலங்களும் 15 சுதந்திர மாநிலங்களும் இருந்தன. முதுபெரும் தலைவரான ஹென்றி கிளே எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மசோதாவாகத் தொகுத்து முன்வைத்தார்; 1850 ஜூலை இறுதியில் அது தோற்றது. நோயுற்ற கிளே ஓய்வுக்குச் சென்றபின் டக்ளஸ் பொறுப்பேற்றார். ஒட்டுமொத்தத் தொகுப்புக்குப் பெரும்பான்மை இல்லை, ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார். மசோதாவைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உறுப்பினர்களைத் திரட்டி, செப்டம்பருக்குள் அனைத்தையும் நிறைவேற்றினார்.

கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. யூட்டா, நியூமெக்சிகோ ஆட்சிப்பகுதிகள் அடிமை முறை பற்றிய தடை ஏதுமின்றி அமைக்கப்பட்டன. வாஷிங்டன் நகரில் அடிமை வணிகம் நிறுத்தப்பட்டது. தெற்குக்கு ஈடாகக் கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டம் வழங்கப்பட்டது. இரு தரப்பினரும் மனமொத்து வாக்களித்தது மிகக் குறைவு என்பதால் இதைச் சமரசம் என்பதைவிடப் போர் நிறுத்தம் என்பதே பொருந்தும். வடக்கின் தெருக்களிலேயே மனிதர்கள் பிடிக்கப்பட்டுத் தெற்கே அனுப்பப்பட்டதை மக்கள் நேரில் கண்டனர். அடிமை முறையைத் தொலைவிலுள்ள தீமையாக எண்ணியிருந்த பலரை இச்சட்டமே எதிர்ப்பாளர்களாக்கியது.

கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம்

செனட் சபையின் ஆட்சிப்பகுதிகள் குழுவுக்கு டக்ளஸ் தலைவராக இருந்தார். சிகாகோவிலிருந்து பசிபிக் கடல் வரை இருப்புப்பாதை அமைய வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். அதற்கு மிசூரிக்கு மேற்கிலுள்ள நிலத்தில் குடியேற்றமும் ஆட்சியமைப்பும் தேவைப்பட்டன. அந்நிலமோ 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கே இருந்தது. அங்கு மேலும் ஒரு சுதந்திர மாநிலம் உருவாவதற்குத் தென் மாநில செனட்டர்கள் வாக்களிக்க மறுத்தனர்.

1854 ஜனவரியில் டக்ளஸ் முன்வைத்த மசோதா முதலில் மிசூரி தடையைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. தெற்கின் நெருக்குதலால், தடை செல்லாது என்று அறிவிக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. நிலம் கன்சாஸ், நெப்ராஸ்கா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அங்குக் குடியேறும் மக்களே அடிமை முறை வேண்டுமா என்பதை முடிவு செய்வர். இக்கொள்கை மக்கள் இறைமை எனப்பட்டது. அடிமைகளின் விருப்பம் இந்த இறைமையில் கணக்கில் கொள்ளப்படவில்லை.

மார்ச் 4 அன்று, இரவு முழுவதும் நீண்ட விவாதத்தின் பின் செனட் சபை 37க்கு 14 என்ற வாக்குகளால் மசோதாவை ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் வேறுபாடு 13 வாக்குகள் மட்டுமே (113-100). மே 30 இல் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் பியர்ஸ் கையெழுத்திட்டார். அதே வாரத்தில் பாஸ்டன் நகரில் பிடிபட்ட ஆன்டனி பர்ன்ஸ் என்ற அடிமை, படைகளின் காவலில் ஜூன் 2 அன்று வர்ஜீனியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது வடக்கின் சினத்தை மேலும் கிளறியது.

34 ஆண்டுகளாக மாற்ற முடியாத ஒப்பந்தமாகக் கருதப்பட்ட கோடு அழிக்கப்பட்டதை வட மாநில மக்கள் நம்பிக்கைத் துரோகமாகக் கண்டனர். ஊர் ஊராக டக்ளசின் கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. செப்டம்பரில் சொந்த நகரான சிகாகோவிலேயே கூட்டத்தினர் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தனர். விக் கட்சி சிதைந்தது. அடிமை முறையின் பரவலை எதிர்ப்போர் ஒன்றுகூடிக் குடியரசுக் கட்சியை அமைத்தனர். அரசியலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கியிருந்த லிங்கன் மீண்டும் மேடையேறினார். இவ்வாறு தம் எதிராளியையும் அவரது கட்சியையும் டக்ளசின் சட்டமே உருவாக்கித் தந்தது எனலாம்.

குருதி தோய்ந்த கன்சாஸ்

மக்கள் முடிவு செய்வர் என்ற சட்டம், எந்த மக்கள், எப்போது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. வடக்கிலிருந்து சங்கங்களின் உதவியுடன் குடியேறிகள் வந்தனர். மிசூரியிலிருந்து ஆயுதமேந்தியோர் எல்லை கடந்து வந்து வாக்களித்துத் திரும்பினர். 1855 மார்ச் 30 இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில், தகுதியுள்ள வாக்காளர்கள் சுமார் 2,900 பேர் இருந்த இடத்தில் 6,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. அடிமை முறையின் ஆதரவாளர்களுக்கு ஓர் அரசு, எதிர்ப்பாளர்களுக்கு மற்றோர் அரசு என இரண்டு அரசுகள் கன்சாசில் இயங்கின.

1856 மே 21 இல் சுதந்திரத் தரப்பினரின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், கன்சாஸ் நிலைமைக்காக டக்ளசையும் தென் கரோலினாவின் ஆண்ட்ரூ பட்லரையும் கடுமையாகத் தாக்கிப் பேசியிருந்த செனட்டர் சார்லஸ் சம்னரை, பட்லரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்திலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தெற்கிலோ புரூக்சுக்குப் புதிய கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன. மே 24 இரவு கன்சாசின் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் ஜான் பிரவுன் குழுவினர் அடிமை முறை ஆதரவாளர் ஐவரை வெட்டிக் கொன்றனர். நான்கே நாட்களில் நடந்த இம்மூன்று நிகழ்வுகளும், வாக்குச்சீட்டால் தீரும் என்று டக்ளஸ் எண்ணிய பிணக்கு ஆயுதங்களிடம் போய்விட்டதைக் காட்டின.

1857 இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும், கறுப்பின மக்கள் ஐக்கிய அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்றும் தீர்ப்பளித்தது. காங்கிரசுக்கு இல்லாத அதிகாரம் குடியேறிகளுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி டக்ளசின் கொள்கையின் அடித்தளத்தையே அசைத்தது.

அதே ஆண்டு, அடிமை முறை ஆதரவாளர்கள் லெகொம்ப்டன் நகரில் ஓர் அரசியலமைப்பை வகுத்தனர். மக்கள் அதை முழுமையாக நிராகரிக்க வழியே விடப்படவில்லை. எப்படி வாக்களித்தாலும் ஏற்கெனவே இருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருப்பர். குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானன் இதை ஏற்குமாறு காங்கிரசை வற்புறுத்தினார். டக்ளஸ் தம் கட்சித் தலைவரையே எதிர்த்து நின்றார். அவரது அரசியல் வாழ்வின் துணிச்சலான செயல் இதுவே. புக்கானன் இலினொயிலிருந்த டக்ளஸ் ஆதரவாளர்களை அரசுப் பதவிகளிலிருந்து நீக்கிப் பழிவாங்கினார். 1858 ஆகஸ்டில் கன்சாஸ் வாக்காளர்கள் லெகொம்ப்டன் அமைப்பைப் பெரும் வேறுபாட்டில் நிராகரித்தனர்.

லிங்கனுடன் விவாதங்கள்

1858 இல் செனட் பதவிக்கு லிங்கன் இவரை எதிர்த்தார். ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் இருவரும் விவாதித்தனர். முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம், அடுத்தவருக்கு ஒன்றரை மணி, மறுமொழிக்கு அரை மணி என்பது ஏற்பாடு. டக்ளஸ் வெள்ளையரின் மேலாண்மையை வெளிப்படையாக முழங்கினார். லிங்கனும் சார்லஸ்டனில் சமூக, அரசியல் சமத்துவத்தைத் தாம் கோரவில்லை என்றார். ஆனால் அடிமை முறை ஒரு தீமை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பிரீபோர்ட்டில் லிங்கன் டிரெட் ஸ்காட் சிக்கலை நேரடியாகக் கேட்டார். காவல் விதிகளை இயற்ற உள்ளூர் சட்டமன்றம் மறுத்தால் அடிமை முறை அங்கு நிலைக்க முடியாது என்று டக்ளஸ் விடையளித்தார். இலினொயில் இவ்விடை அவரைக் காத்தது. தெற்கில் அவரை வீழ்த்தியது. அக்காலத்தில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 54க்கு 46 என்ற வாக்குகளால் டக்ளஸ் வென்றார். எனினும் தென் மாநிலத்தவர் அவரை ஆட்சிப்பகுதிகள் குழுத் தலைமையிலிருந்து நீக்கினர்.

1860 தேர்தல்

ஜனநாயகக் கட்சியின் மாநாடு தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில், டக்ளசின் 47 ஆவது பிறந்தநாளன்று கூடியது. ஆட்சிப்பகுதிகளில் அடிமை உடைமையை நடுவண் அரசே காக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாததால் தென் மாநிலப் பேராளர்கள் பலர் வெளியேறினர். 57 முறை வாக்கெடுத்தும் டக்ளசுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. ஜூனில் பால்டிமோரில் மீண்டும் கூடியபோது கட்சி முறிந்தது. வடக்குப் பிரிவு டக்ளசையும் தெற்குப் பிரிவு ஜான் பிரெக்கின்ரிட்ஜையும் நிறுத்தின.

வேட்பாளர்கள் வீட்டிலிருப்பதே அன்றைய மரபு. டக்ளஸ் அதை மீறி நாடெங்கும் பேசினார். அக்டோபரில் வட மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்தபோது லிங்கனே வெல்வார் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. உடனே தெற்கே சென்று, யார் வென்றாலும் பிரிந்து போக எவருக்கும் உரிமையில்லை என்று பகைமை மிகுந்த கூட்டங்களில் பேசினார். முடிவுகள் வந்த இரவில் அவர் அலபாமாவின் மொபீல் நகரில் இருந்தார்.

மக்கள் வாக்குகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு பெற்று இரண்டாமிடம் வந்தும், தேர்வாளர் வாக்குகளில் 12 மட்டுமே பெற்றுக் கடைசியானார். கட்சி பிளவுபட்டதால்தான் லிங்கன் வென்றார் என்பது பரவலான கருத்து. எதிராளிகள் மூவரின் வாக்குகளையும் மாநிலவாரியாகக் கூட்டினாலும் லிங்கனுக்கே தேர்வாளர் பெரும்பான்மை இருந்திருக்கும்.

இறுதி நாட்கள்

டிசம்பர் 20 இல் தென் கரோலினா பிரிந்தது. 1861 பிப்ரவரி தொடக்கத்துக்குள் மேலும் ஆறு மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அக்குளிர்காலத்தில் டக்ளஸ் சமரச முயற்சிகளில் ஈடுபட்டார். 36 பாகை 30 கலைக் கோட்டைப் பசிபிக் வரை நீட்டும் கிரிட்டென்டன் திட்டத்தையும் ஆதரித்தார். தாமே அழித்த கோட்டை அவர் மீண்டும் வரைய முயன்றது காலம் கடந்த செயலாயிற்று. கன்சாஸ் ஜனவரி 29 இல் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது.

ஏப்ரல் 12 இல் சம்டர் கோட்டை தாக்கப்பட்டது. ஏப்ரல் 14 அன்று டக்ளஸ் வெள்ளை மாளிகை சென்று லிங்கனைச் சந்தித்துத் தம் ஆதரவைத் தெரிவித்தார். 75,000 வீரர்கள் போதாது, 2 இலட்சம் பேரை அழைக்க வேண்டும் என்பது அவரது யோசனை. பின்னர் இலினொய் திரும்பி ஏப்ரல் 25 இல் மாநிலச் சட்டமன்றத்தில் கூட்டாட்சியைக் காக்குமாறு வேண்டினார். அம்மாநிலத்தின் தென்பகுதி மக்களுள் பலர் தெற்கிலிருந்து குடியேறியோர். அவர்கள் எப்பக்கம் சாய்வர் என்ற ஐயம் நிலவிய வேளையில் அவ்வுரை பெரிதும் பயன்பட்டது.

மே மாதம் நோயுற்ற டக்ளஸ், டைபாய்டு காய்ச்சலால் ஜூன் 3 அன்று சிகாகோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. போரின் முதற்பெரும் சமர் அப்போது இன்னும் நிகழவில்லை.

நினைவுச் சின்னங்கள்

சிகாகோவில் மிச்சிகன் ஏரியருகே உள்ள கல்லறைக்கு மேல் லெனார்ட் வோக் வடித்த சிலையுடன் 96 அடி உயர நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. மிசிசிப்பிப் பண்ணை பற்றிய சான்றுகளைக் கருத்தில் கொண்டு, ஸ்பிரிங்பீல்டில் இலினொய் தலைமைச் செயலக வளாகத்தில் இருந்த இவரது சிலை 2020 இல் அகற்றப்பட்டது. அதே ஆண்டு சிகாகோவில் இவர் பெயர் தாங்கிய பூங்காவுக்கு பிரெடரிக் டக்ளஸ், அவரது மனைவி அன்னா ஆகியோரின் பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலத்தில் டக்ளஸ் என்ற பகுதியின் இறுதியில் ஓர் எஸ் எழுத்து கூடுதலாயிற்று. ஸ்டீபன் டக்ளசின் குடும்பப் பெயரிலும் முதலில் இருந்த அந்த எழுத்தை அவர் 1846 அளவில் தாமே விட்டுவிட்டிருந்தார்.