கோழியாளத்திலிருந்து லண்டனுக்கு

வட்டமேசை மாநாடு என்றால் நம் பிள்ளைகள் அண்ணல் அம்பேத்கரையும் காந்தியையும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். 1930இல் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அண்ணலுடன் லண்டன் போனவர் இன்னொருவர்: செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன்.

ஊர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்து, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் நமக்கு எளிதில் வராது. பிறகு தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள். திரும்பி வந்து சென்னை சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. அதன் பிறகும் எத்தனை ஊர்த்தெருக்கள் திறக்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

அதிகாரம் இந்தியர் கைக்கு மாறுமுன் நமக்கான பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று லண்டனில் அண்ணலும் அவரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். 1932 ஆகஸ்டில் இரட்டை வாக்குரிமை கிடைத்தது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பரில் பூனா ஒப்பந்தம், தாத்தாவும் கையெழுத்திட்டார். சென்னை மாகாணத்தில் நமக்கு 18 இடம் 30 ஆனது. இரட்டை வாக்குரிமை போயிற்று. 1935 சட்டத்தில் ஏறியது அந்த ஒப்பந்தம்தான்.

1945 செப்டம்பரில் தாத்தா காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.