ஜீனோ டிவிக்கு வந்த கதை: சுஜாதாவின் எதிர்காலத்தைத் திரையில் காட்டுவது ஏன் கஷ்டம்?

பிடித்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல்களை வெப் சீரிஸாக எடுப்பது இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல் வரிசை 2021-ல் ஆப்பிள் டிவியில் தொடராக வந்தபோது, தமிழில் இப்படியெல்லாம் எப்போ வரும் என்று பலர் ஏங்கினார்கள். ஆனால் தமிழில் அந்த வேலை எப்போதோ நடந்துவிட்டது. எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ அப்போதே தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதை எழுதிய மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால், அந்தக் கதை ஏன் இன்னும் திரைக்காகக் காத்திருக்கிறது என்பதும் புரியும்.

யார் இந்த சுஜாதா?

இயற்பெயர் ரங்கராஜன். 1935 மே 3-ம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி ஊர் மாறும் வேலை என்பதால், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பின்னாளில் அவர் எவ்வளவோ ராக்கெட்டும் ரோபோவும் எழுதினாலும், அந்த ஸ்ரீரங்கத்துத் தெருப்பேச்சு அவர் நடையை விட்டுப் போகவே இல்லை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் சில வருடங்கள், அதன் பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். நாம் ஓட்டுப் போடும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கிய குழுவில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

எழுத ஆரம்பித்தபோது ஒரு சின்னச் சிக்கல். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்தார். பெயர்க் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். பல வாசகர்கள் அவரைப் பெண் எழுத்தாளர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீனோ என்ன கதை?

‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-ஐ ஒட்டிய எதிர்கால இந்தியாவில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்ற சாதாரணப் பெண்ணின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு வந்து சேரும் ரவியிடம் ஒரு இயந்திர நாய் இருக்கிறது. அதுதான் ஜீனோ. இரண்டாம் பாகம் ‘மீண்டும் ஜீனோ’.

ஜீனோ பார்க்க பொம்மை மாதிரி. ஆனால் புத்தகம் படிக்கும், யோசிக்கும், கிண்டல் அடிக்கும். போகப்போக மனிதர்களைவிட நியாயமாக நடந்துகொள்ளும். இயந்திரம் தானாகச் சிந்திக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இன்று ஏ.ஐ. காலத்தில் டீக்கடை வரை வந்துவிட்டது. அதை அவர் ஒரு வாரப் பத்திரிகையில், வீட்டில் எல்லோரும் படிக்கிற மொழியில் வைத்தார்.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். ஊரே வணங்கும் ஜீவா நிஜ மனிதனே இல்லை, வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் முக்கியத் திருப்பம். ஒரு பக்கம், மக்கள் நம்பி ஓட்டுப் போடும் இயந்திரத்தை உருவாக்கும் வேலை. இன்னொரு பக்கம், மக்கள் ஒரு பொய்ப் பிம்பத்தை நம்பி ஏமாறும் கதை. இரண்டையும் செய்தது ஒரே ஆள். இயந்திரம் தப்பு செய்யாது, அதன் பின்னால் நிற்கும் மனிதனைத்தான் கவனிக்க வேண்டும் என்பது இந்தக் கதையின் அடிநாதம்.

டிவிக்கு வந்தபோது என்ன சிக்கல்?

அப்போது டிவி என்றால் தூர்தர்ஷன்தான். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி மாதிரி ஊர்களில் மொட்டை மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, கீழே இருப்பவரிடம் படம் தெரிகிறதா என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்த காலம். கிராஃபிக்ஸ் வசதி சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது.

பேப்பரில் எதிர்காலத்துக்குச் செலவே இல்லை. சுஜாதா ஒரே வாக்கியத்தில் ஒரு நகரத்தையே கட்டிவிடுவார். மீதியை வாசகர் மனசு பார்த்துக்கொள்ளும். கேமரா அப்படி விடாது. கதவு எப்படித் திறக்கும், நிலா என்ன உடுத்துவாள், ஜீனோ நிஜ நாயா, பொம்மையா, குரல் யாருடையது என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். விகடன் படித்த ஒவ்வொருவர் மனசிலும் ஏற்கெனவே ஒரு ஜீனோ இருந்தது. திரையில் வந்தது ஒரே ஒரு ஜீனோ. அது எல்லோருடைய ஜீனோவுக்கும் பொருந்தவே பொருந்தாது.

சினிமா அவரை எப்படி நடத்தியது?

இந்த அனுபவம் அவருக்குப் புதிதில்லை. அவருடைய ‘ப்ரியா’ நாவல் லண்டனில் நடக்கும். 1978-ல் ரஜினிகாந்த் நடித்துப் படமானபோது கதை சிங்கப்பூருக்குப் போனது. அவருடைய துப்பறியும் ஜோடியான கணேஷ், வசந்த்தைப் புத்தகத்தில் ரசித்தவர்களுக்குத் திரையில் அதே திருப்தி கிடைப்பது அபூர்வம். காரணம் ஒன்றுதான். அவர் கதைகளில் பாதி சுவை சம்பவத்தில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. நடையைப் படம் பிடிக்க முடியாதே!

ஆனாலும் அவர் சினிமாவை ஒதுக்கவில்லை. ராக்கெட் கடத்தலைச் சொன்ன 1986-ன் ‘விக்ரம்’ அவர் எழுத்தில் வந்ததுதான். ‘ரோஜா’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘சிவாஜி’ என்று வசனத்தில் தனி முத்திரை பதித்தார். பக்கம் பக்கமாக வசனம் பேசிய தமிழ் சினிமாவில், ஒரு வரியில் விஷயத்தை முடிப்பது எப்படி என்று காட்டினார்.

அவர் பார்க்காத ரோபோ

இயக்குநர் ஷங்கரின் ரோபோ படம் முதலில் கமல்ஹாசனை வைத்துத் திட்டமிடப்பட்டு நின்றுபோனது. பல வருடம் கழித்து ரஜினியுடன் ‘எந்திரன்’ ஆக உயிர்பெற்றபோதும் சுஜாதா அதில் வேலை செய்தார். ஆனால் 2008 பிப்ரவரி 27 அன்று, 72 வயதில், சென்னையில் காலமானார். வசனப் பணியை மதன் கார்க்கி தொடர்ந்தார். 2010 அக்டோபர் 1-ல் படம் வெளிவந்தது. தமிழ் வாசகனுக்கு ரோபோவைப் பழக்கிவிட்டவர், தமிழ்த் திரையின் மிகப் பெரிய ரோபோவைப் பார்க்கவில்லை.

இப்போது எடுத்தால் சரியா வருமா?

வசதி எல்லாம் வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் நாய் பெரிய விஷயமே இல்லை. ஆனால் புதுச் சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. சுஜாதா எதிர்காலம் என்று எழுதிய 2021 நமக்கு இறந்தகாலம் ஆகிவிட்டது. வருடத்தை மாற்றுவதா, அப்படியே விடுவதா? மாற்றினால் இது இன்னொரு ரோபோ தொடர். விட்டால், எண்பதுகளின் ஒரு தமிழர் நம் காலத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்று காட்டும் தொடர். இரண்டாவதுதான் இன்னும் சுவையாக இருக்கும்.

‘ஃபவுண்டேஷன்’ குழுவுக்கும் இதே மாதிரி தலைவலி இருந்தது. நாவலில் காலம் தாண்டித் தாண்டி ஓடும், பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் குளோன் செய்யப்பட்ட பேரரசர்கள் தலைமுறை தலைமுறையாக ஆள்வதாக, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்து அதே நடிகர்களைத் தக்கவைத்தார்கள். மூலத்தை மாற்றுவது தப்பில்லை. எதை மாற்றக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜீனோ விஷயத்தில் மாற்றக் கூடாதது அதன் பேச்சு. அதன் உடம்பு எந்த உலோகத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கொஞ்சம் நக்கலும் நிறையக் கருணையுமாக அது பேச வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துவிட்டால் சுஜாதாவைப் பிடித்த மாதிரி. அதைக் கோட்டைவிட்டால், எத்தனை கோடி செலவழித்தாலும் திரையில் வருவது வேறு ஏதோ நாய்தான்.