நின்று போன வண்டியும் ஜி.டி. நாயுடுவும்



எங்கள் சேத்தூர் வழியாகப் போகும் தென்காசி ரோட்டில் சாயங்கால நேரம் நின்று பாருங்கள். புது வண்டிகள் சத்தமே இல்லாமல் சர்ரென்று பறக்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் ஒரு பழைய புல்லட் டப்... டப்... டப் என்று அசைந்து வரும். டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் கையில் கிளாஸோடு திரும்புவார்கள். வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்ப்பார்கள்.

அந்த வண்டியில் குறையே இல்லையா? நிறைய உண்டு! நிறுத்தின இடத்தில் ஆயில் சொட்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதற்கு அமீட்டர் முள்ளை நடுவில் கொண்டு வந்து, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பிறகு உதைக்க வேண்டும். முறை தப்பினால் கிக்கர் திருப்பி நம்மை உதைக்கும்! இருந்தும் 1955-ல் நம் சென்னைக்கு வந்த அந்த வண்டியை, இங்கிலாந்தில் அதைச் செய்த கம்பெனி 1970 வாக்கில் உற்பத்தியை நிறுத்திய பிறகும் நம் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் விடாமல் செய்துகொண்டே இருந்தார்கள். வாங்குகிறவர்களும் விடாமல் வாங்கினார்கள்.

குறை இருக்கிற வண்டி மேல் இத்தனை பாசம் ஏன்? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப நாளாக உண்டு. பதில் நான் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடைய வாழ்க்கையில் கிடைத்தது. அவர்தான் இந்தியாவின் எடிசன் என்று எல்லோரும் சொல்லும் ஜி.டி. நாயுடு.

மணலில் எழுதப் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மணலில் எழுதச் சொன்ன வாத்தியார் மீதே மணலை வாரி இறைத்தார் என்று ஒரு கதை உண்டு. படிப்பு ஆரம்ப வகுப்போடு முடிந்தது. ஊரில் அவரை உருப்படாத பிள்ளை என்றுதான் நினைத்திருப்பார்கள். வயலைப் பார்த்துக்கொள் என்று அனுப்பி விட்டார்கள்.

அங்கேதான் விஷயமே நடந்தது. ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, தானாக ஓடுகிறதே என்று பையன் வாயைப் பிளந்து பார்த்தான். அந்த வண்டி நடுவழியில் மக்கர் பண்ணி நின்று போனது என்றும், துடைக்கத் துணியும் மண்ணெண்ணெயும் வாங்கி வரச் சொல்லி அந்த அதிகாரி இந்தப் பையனைத்தான் அனுப்பினார் என்றும் சொல்வார்கள். கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பையன் பக்கத்திலேயே நின்றான். துரை வண்டியைக் கழற்றித் துடைத்து மாட்டியதைக் கண் கொட்டாமல் பார்த்தான். வண்டி மறுபடி உறுமிக்கொண்டு கிளம்பியது. பையனின் மனசும் அதோடு கிளம்பிப் போய்விட்டது.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வண்டி அன்றைக்கு நின்று போகாமல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான். நின்று போனதால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கிராமத்துப் பையன் பார்க்க முடிந்தது.

ஓட்டல் சர்வர் வாங்கிய வண்டி

அந்த மாதிரி ஒரு வண்டி தனக்கும் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். மூன்று வருஷம் போல இலை போட்டு, தண்ணீர் வைத்து, மேஜை துடைத்துக் காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியைத் தேடிப் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்! அது ரட்ஜ் கம்பெனி வண்டி, 1912-ம் வருட மாடல்.

வாங்கியதும் என்ன செய்தார்? ஊரைச் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! கழற்றி மறுபடி பூட்டினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வண்டிதான் அவருக்கு வாத்தியார், அதுதான் பாடப்புத்தகம்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் எப்படி இருந்தன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ரட்ஜ் வண்டி இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்தது. ஒரே சிலிண்டர், சுமார் 500 சிசி. பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்தான். மழையில் நனைந்தால் பெல்ட் வழுக்கும். இப்போது மாதிரி ஆயில் எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி வராது. ஓட்டுகிறவரே அவ்வப்போது கையால் பம்ப் அடித்து அனுப்ப வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிவிடும், அதிகமாக அடித்தால் பிளக் கரி பிடித்துவிடும். ராத்திரி வெளிச்சத்துக்கு கார்பைடு விளக்கு. அந்த மாதிரி வண்டியை ஓட்டுவது என்றால் அதோடு குடித்தனம் நடத்துவது மாதிரி. சத்தம் மாறினால் காது கண்டுபிடிக்க வேண்டும், சூடு ஏறினால் கை கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். குறையே இல்லாத வண்டி நம்மைச் சுமந்துகொண்டு போகும். குறை உள்ள வண்டி நம்மைக் கூப்பிடும், இங்கே வா, இதைப் பார் என்று சொல்லும். நாம் சரி செய்த வண்டி அதன் பிறகு கம்பெனி வண்டி இல்லை, நம் வண்டி! பழைய வண்டிக்காரர்களின் பாசத்துக்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் குறையை நேசிக்கவில்லை. அந்தக் குறை வழியாக உள்ளே போய் வந்தார்கள் பாருங்கள், அந்த நாட்களை நேசிக்கிறார்கள்.

ஒரு பஸ்ஸிலிருந்து 280 பஸ்

வண்டியைக் கழற்றிப் பூட்டியவர் மெக்கானிக் ஆனார். பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அதோடு ஒடிந்து போகவில்லை. கோவையில் பெரிய தொழிலதிபராக இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவி செய்ய, தவணையில் ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவில் அதை ஓட்டினார். ஓட்டியவரும் அவரே, ரிப்பேர் பார்த்தவரும் அவரே. அந்த ஒற்றை பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற கம்பெனியாக வளர்ந்தது. 1933-ல் அவரிடம் 280 பஸ்கள் ஓடின. நேரம் தவறாத பஸ் என்று பெயர் எடுத்தது.

அதோடு நின்றாரா? வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். சின்ன மோட்டார் வைத்த, பேட்டரியில் ஓடும் சவர ரேசரை உருவாக்கினார். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். இன்றைக்கு மோட்டார், பம்ப்செட் என்றால் கோவை என்று சொல்கிறோமே, அதற்கு வித்து அங்கே விழுந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று அவர் கை வைக்காத பொருள் கிடையாது. 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்ய முடியும் என்று காட்டினார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வரவே இல்லை.

நமக்காக ஒரு வேலை செய்தவர்

நண்பர்களே, நம்மில் பல பேருக்குத் தெரியாத ஒரு சேதி இருக்கிறது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் உருவானதற்கு முக்கியக் காரணம் ஜி.டி. நாயுடுதான். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவரின் பெயரை வைத்தார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் அங்கே முதல்வராக உட்கார்ந்தார்! நான்கு வருஷப் படிப்பு வீண், கையால் வேலை செய்து கற்றால் இரண்டே வருஷத்தில் முடிக்கலாம் என்பது அவர் எண்ணம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு இறங்கிவிட்டார். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பழைய இடத்தில் கல்லூரி இல்லை, ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது.

பாலிடெக்னிக்தானா என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறவர்கள் உண்டு. அடுத்த முறை யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி அவர் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் திறந்த, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பழுதான ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்ற பையன் பெயரில் இன்றைக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன!

கல்யாணப் பத்திரிகை அட்டை

என் சொந்தக் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள். முதல் வருஷம் கணக்கில் அரியர் விழுந்தது. நாயுடு மாதிரி நாமும் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மாமா எங்கள் ஊரில் இருபது வருஷமாக டூவீலர் மெக்கானிக். வண்டி தூரத்தில் வரும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவரிடம் சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை. உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வந்தார். முழுக்க இங்கிலீஷ். ஓரமெல்லாம் கிரீஸ் கறை. பாயிண்ட் கேப் எவ்வளவு போட்டிருக்கு, வாசித்துச் சொல்லுடா என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக அந்தப் புத்தகத்தை மாமா படம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் என்று வாசித்தேன். மாமா சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய ஒரு துண்டைக் கொடுத்தார். இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் பாயிண்ட் செட் பண்ணுகிறாராம். மறுநாள் நம் லேபுக்கு எடுத்து வந்து மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். 0.38! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராத்திரி போய்ச் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் அந்த அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டாப்பெட் எவ்வளவு போட்டிருக்கு பார் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஜி.டி. நாயுடுவும் பள்ளியைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. வண்டியைப் படித்தார், தொழிற்சாலையைப் படித்தார், கடைசியில் நம்மைப் போன்றவர்கள் படிக்க இடம் கட்டினார். அவருக்குக் கிடைக்காத வாத்தியாரும் லேபும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இன்றைய வண்டிகளில் கார்பரேட்டர் போய் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. புகை குறைவு, மைலேஜ் அதிகம், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. பழசுதான் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டோரத்தில் நின்றுவிட்டால் ஸ்பேனர் மட்டும் போதாது, ஸ்கேனரும் வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து விலகி நிற்காமல் பக்கத்தில் போய் நிற்போம். துணியும் மண்ணெண்ணெயும் கேட்டால் ஓடிப்போய் வாங்கி வருவோம். கழற்றும்போது கண் கொட்டாமல் பார்ப்போம்.

அந்தக் கணக்கு அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதி பாஸ் பண்ணிவிட்டேன் என்பதையும் சொல்லி விடைபெறுகிறேன்.

- இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், சேத்தூர்