பாட்டில் மேல இருக்கிற பெயர்

இந்த மாதம் நாம பார்க்கப் போகிற ஆளின் பெயரை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஆங்கில ராப் பாட்டுல வரும், விமான நிலையக் கடைகள்ல கண்ணாடிக்குப் பின்னால இருக்கும். ஹென்னசி. அது ஒரு மனுஷனோட பெயர். இது குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை. பிழைக்க வழி தேடி ஊரை விட்டுப் போன ஒருவரின் கதை.

ரிச்சர்ட் ஹென்னசி 1724-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில், நிலம் வைத்திருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அங்கே கத்தோலிக்கராகப் பிறந்தாலே பாதி வாசல்கள் அடைப்பு. அரசுப் பதவி கிடையாது, புதிதாக நிலம் வாங்க முடியாது. இருக்கிற நிலத்தையும் மகன்கள் எல்லோருக்கும் துண்டு போட வேண்டும் என்று 1704-லேயே சட்டம். இளைஞர்கள் என்ன செய்வாங்க? கப்பலேறி பிரான்சுக்குப் போய், அங்கே இருந்த ஐரிஷ் படைப்பிரிவில் சேர்ந்தாங்க. ஹென்னசியும் அப்படித்தான் பதினைந்தாம் லூயி மன்னரின் சிப்பாய் ஆனார்.

இந்த ஐரிஷ் படைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. நம்ம திருத்தணிக்கு நேர் தெற்கே இருக்கிற வந்தவாசியை வரைபடத்தில் பாருங்க. 1760 ஜனவரியில் அங்கே பிரெஞ்சுப் படையை நடத்தியவர் லாலி. ஐரிஷ் அப்பாவுக்குப் பிறந்து, அதே ஐரிஷ் படைப்பிரிவில் வளர்ந்தவர். எதிரே ஆங்கிலேயப் படையை நடத்திய அயர் கூட் அயர்லாந்திலேயே பிறந்தவர்! லாலி தோற்றார், அடுத்த வருஷம் பாண்டிச்சேரியும் போனது. 1766-ல் பாரிசில், துரோகி என்று சொல்லி அவர் தலையையே வெட்டினாங்க.

அதற்கு ஒரு வருஷம் முன்னால, 1765-ல், ஹென்னசி வேறு பாதையில் திரும்பிவிட்டார். ராணுவத்தை விட்டு, ஷாரான்த் ஆற்றங்கரையில் இருக்கிற கோன்யாக் என்ற சின்ன ஊரில் பிராந்தி வியாபாரம் தொடங்கினார். விவசாயிகளிடம் வாங்கி, ஆற்று வழியாகக் கடலுக்கு அனுப்பி, அயர்லாந்துக்கும் லண்டனுக்கும் விற்பதுதான் தொழில்.

அது என்ன சரக்கு? கெமிக்கல் துறை நண்பர்கள் கவனிங்க. புளிப்பான வெள்ளைத் திராட்சை ஒயினை செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வடிப்பாங்க. முதல் தடவை ஆல்கஹால் சுமார் 30 சதவீதம், இரண்டாம் தடவை 70 சதவீதம். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுப்பாங்க. செம்பு, வேண்டாத கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 லிட்டர் ஒயின் போகும்.

வடித்தது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். நிறமும் மணமும் வருவது ஓக் மரப் பீப்பாயில் காத்திருக்கும்போதுதான். வெனிலா, ஆரஞ்சுத் தோல், உலர்ந்த பழம், வயசாக ஆக வால்நட் வாசம். வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போகும்; அதைத் தேவதைகளின் பங்கு என்பாங்க. இன்றைய விதிப்படி எக்ஸ்.ஓ. என்று எழுத 10 வருஷம் ஆகணும். நம்ம மலைக்கு நாளுக்கு ஒரு படி என்று 365 படி சொல்வாங்களே, அப்படி 10 மலை ஏறுகிற காத்திருப்பு. அதனால்தான் ரசிக்கத் தெரிந்தவங்க முதலில் வெகுநேரம் முகர்ந்துதான் பார்ப்பாங்க. பிறகு சொட்டுச் சொட்டாக. திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் போனவங்களுக்கு மொலாசஸ் தெரியும். நம்ம ஊர்க் கடைகளில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி அந்த மொலாசஸ் சாராயத்தை வைத்துத்தான். பெயர் ஒன்று, பொருள் வேறு.

ஹென்னசிக்கு எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்காதீங்க. 1776-ல் போர்தோவுக்குப் போய் வடிசாலை போட்டார், எடுபடவில்லை. 1788-ல், அறுபதைத் தாண்டிய வயசில், கோன்யாக்குக்கே திரும்பி வந்து மகன் ஜேம்ஸோடு மறுபடி தொடங்கினார். 1795-ல் ஜேம்ஸ், போட்டி நிறுவனமான மார்ட்டெல் குடும்பத்துப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1800-ல், ரிச்சர்ட் இறந்தார்.

நிறுவனத்துக்கு நிலைத்த பெயர் வந்தது 1813-ல். அதுவும் மகனின் பெயரில். பாட்டில் மேல் நட்சத்திரம் வந்தது 1865-ல். ரிச்சர்ட் எதையும் பார்க்கவில்லை. இந்தத் தொழிலின் கணக்கே அதுதான்: நல்ல பீப்பாயை நிரப்புகிறவர் ஒருத்தர், திறக்கிறவர் இன்னொருத்தர்.

கேம்பஸில் வேலை கிடைத்து அடுத்த வருஷம் ஊரை விட்டுப் போகப் போகிற சீனியர்களே, முதல் ஊர் கைகொடுக்கவில்லை என்றால் இந்த ஆளை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.