மருத்துவ விஞ்ஞானி சுப்பாராவ் படித்த வருடங்கள்

பரீட்சை முடிவு வரும் நாட்களில் நம் ஈசா டவுன் இல்லங்கள் சிலவற்றில் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. டாக்டராக வேண்டிய பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாயிற்றே என்ற கவலை. அவர்களுக்காக யெல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்களின் வாழ்க்கையைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

மாமனாரின் உதவியுடன் பாஸ்டன் சென்றார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. உடலில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் பிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டார். தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. பற்றிய ஆய்வு 1929-ல் வந்தது. பி.எச்.டி. பட்டம் பெற்றது 1930-ல், 35-வது வயதில்! அப்போதும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் குழு 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு இன்றும் கொடுக்கும் மாத்திரை அதுதான். யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்குழுவின் பணியே.

வளைகுடாவில் வாழும் நமக்கு மனதில் தைப்பது வேறொன்று. மனைவி சேஷகிரி ஊரிலேயே காத்திருந்தார். 1948-ல், 53 வயதில், அமெரிக்காவிலேயே காலமான சுப்பாராவ் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.